ஏழு கணுக்கள் இயங்குகிறது

இக்கட்டுரையில் உறுதி செய்யப்பட்ட செய்திகளை மட்டுமே எழுதுகிறேன். அடக்கத்தினால் எடுத்த முடிவு அன்று இது, அச்சத்தினால் எடுத்தது. நான் சொல்லவிருப்பது ஒரு புதன்கிழமை முற்பகலில் அரைமணி நேரத்துக்குள் நடந்து முடிந்த நிகழ்ச்சி. அந்த அரைமணி நேரம் முழுவதையும் என் மனைவியின் கணினி நொடி பிசகாமல் குறித்து வைத்திருக்கிறது. யார் எந்தக் கோப்பைத் திறந்தார், எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லை இட்டார் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் சற்றே மிகைப்படுத்தினாலும் அவள் அந்தப் பதிவைத் திறந்து என் முன்னால் வைத்துவிடுவாள். ஆகவே பதிவில் உள்ளவற்றையும், பதிவில் இல்லாதவற்றுள் நானும் அவளும் ஆலையின் மின்பணியாளரும் ஆகிய மூவரும் ஒத்துக்கொண்டவற்றையும் மட்டுமே எடுத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்ளாதவற்றை விட்டுவிட்டேன். அன்று காலையில் எங்கள் வீட்டில் இட்லியா, தோசையா என்பது அவ்வாறு விடப்பட்டவற்றுள் ஒன்று.

நான் திருவில்லிபுத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியன். என் மனைவி கணினிப் பொறியாளர். இராசபாளையத்தில் உள்ள நூற்பாலைக் குழுமம் ஒன்றில் வேலை. அந்தக் குழுமத்துக்கு இராசபாளையத்தில் ஓர் ஆலை, சோழபுரத்தில் ஓர் ஆலை, எங்கள் ஊருக்கு அருகே வன்னியம்பட்டியில் ஓர் ஆலை. மூன்று ஆலைகளிலுமாக ஏழு கணினிகள் பஞ்சுத்தூசி புகாத கண்ணாடி அலமாரிகளுக்குள் நின்றுகொண்டிருக்கின்றன. இடத்தால் பிரிந்திருந்தாலும் ஏழும் சேர்ந்து ஒரே கணினியைப் போல உழைப்பவை. இப்படிச் சேர்ந்து உழைக்கும் கூட்டத்துக்குக் கொத்து என்று பெயர்; அதிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு, ஆங்கிலத்தில் நோடு. கரும்பில் இருப்பதும் அதே கணுதான். கணுவுக்குள் கலன்கள் உண்டு. கலன் என்பது ஒரு செயலியையும் அது ஓடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்த பொதி. நூல் எங்கே அறுகிறது என்று பார்க்கும் செயலி ஒரு கலனில், ஆலைக்குள் ஈரப்பதம் எவ்வளவு என்று பார்க்கும் செயலி வேறொரு கலனில். ஒரு கணு படுத்துவிட்டால் அதிலிருந்த கலன்கள் எவரும் சொல்லாமலே பக்கத்துக் கணுவுக்குக் குடிபெயர்ந்துவிடும்.

இவையெல்லாம் நலமாக இருக்கின்றனவா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பது என் மனைவியின் பொறுப்பு. அவள் நேரில் போய்க் கேட்பதில்லை. அவள் எழுதிய கண்காணிப்பு நிரல் கேட்கும். ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசுவதற்கென்று ஒரு வாயில் வைத்திருக்கிறார்கள். அவள் அதை ஏபிஐ என்பாள். நான் இடைமுகம் என்பேன். பதினைந்து நொடிக்கு ஒருமுறை அந்த வாயிலில் நின்று, கொத்து எப்படி இருக்கிறது, எத்தனை கணுக்கள் எழுந்து நிற்கின்றன, எந்தக் கலன் எங்கே குடியிருக்கிறது என்று அவளுடைய நிரல் கேட்கும். உடனே மறுமொழி வரும். இதை அவள் எனக்கு முதன்முதலாக விளக்கிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கிக் கடிதம் எழுதிய வழக்கத்தை மனிதர்கள் நாம் கைவிட்டுவிட்டோம். வன்னியம்பட்டிக்கும் சோழபுரத்துக்கும் இடையே எந்திரங்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அதை எழுதிக்கொண்டிருக்கின்றன என்பதை அறிந்து, வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு மாணவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மறுமொழிகளைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு வந்தது ஆலையின் மின்பணியாளரால். என் மனைவியைவிட இருபது ஆண்டு மூத்தவர். மூன்று ஆலைகளுக்கும் இருசக்கர வண்டியில் போய்வருகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் சபையில் பாடுகிறவர். ஒரு கணு நின்றால் அவர் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும். ஒருமுறை அறிவிப்பு வந்தும் அவர் அலமாரிப் பக்கம் போகவில்லை. ஏன் என்று என் மனைவி கேட்டாள்.

"நோடு நாட் ரெடின்னு வந்துச்சு தாயி" என்றார். "நாட் ரெடின்னா செத்த நேரத்துல ரெடியாயிரும்னு இருந்துட்டேன். கலியாண வீட்ல பந்தி ரெடியாகலன்னா நாம போயி அண்டாவையா தொறந்து பாக்கோம்?"

அவர் சொன்னதில் ஒரு குறையும் காண முடியவில்லை. மேலாளரும் அறிவிப்புகள் தமிழிலேயே இருக்கட்டும் என்றார். அவள் எனக்கென்று ஒரு கோப்பைத் திறந்து கொடுத்தாள். அதில் ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்.

பள்ளி விட்டு வந்து ஒரு வாரம் அதை எழுதினேன். ஒரு கணு நின்றுபோனால் வரவேண்டிய வாக்கியத்தை, "மூன்றாம் கணு செயலற்று ஒழிந்தது" என்று எழுதியிருந்தேன். மறுநாளே மின்பணியாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தமிழய்யா, ஒழிந்ததுன்னு போட்டிருக்கீக. ஒழிஞ்சுதுன்னா நல்லதா, கெட்டதா?"

"கெட்டதுதான்."

"எங்க பக்கம் ஒழிஞ்சுதுன்னா சந்தோசத்துல சொல்லுதது. எதுக்கும் பாத்துக்கோங்க."

நின்றுபோன கலன் மறுபடி தொடங்கினால் "மறுபிறப்பு எய்தியது" என்று வரும்படி எழுதியிருந்தேன். அதற்கும் அழைப்பு வந்தது.

"மறுபிறப்புங்கறது எங்க சபையில ஒருத்தருக்கு ஒரு தடவதான் தமிழய்யா. இந்தக் கலன் காலையில இருந்து நாலு தடவ எடுத்துட்டு. இம்புட்டு மறுபிறப்பு ஆகாது."

என் மனைவி அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலையே "நின்றுவிட்டது", "மறுபடி தொடங்கியது" என்று இரண்டையும் மாற்றினேன். என் நடையில் அவள் விட்டுவைத்தது ஒரே ஒரு வாக்கியம். யாரேனும் கணினியின் முன்புறப் பொத்தானை அழுத்தி அணைத்தால், அணைவதற்கு முன் அது அனுப்பும் கடைசி வரி: "பொத்தான் அழுத்தப்பட்டது; முறைப்படி விடைபெறுகிறேன்." அந்தப் பொத்தானை இதுவரை ஒருவரும் அழுத்தியதில்லை, இனியும் அழுத்தப்போவதில்லை என்பதால் அது கிடக்கட்டும் என்று விட்டாள்.

இந்நிலையில் அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தது. திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரந்தான் என்றாலும், நெரிசலில் நின்றுகொண்டு போகவேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்த பிறகோ போகவே முடியாது. எல்லாவற்றையும் இடைமுகம் வழியாகவே பார்த்துக்கொள்ளலாமே, வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மேலாளரிடம் கேட்டாள். மேலாளர் நல்ல மனிதர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சிரிக்கும்போதும் ஒத்துக்கொள்ளும்போதும் மட்டும் அவர் பேச்சில் தெலுங்கு தலைகாட்டும்.

"நீ வீட்ல இருந்து பாக்கறது எனக்குச் சந்தோசந்தாம்மா" என்றார் அவர். "ஆனா மில்லு நின்னா என்னையத்தான் கேப்பாக. அதனால ஒரு பரிச்ச வச்சுக்கிருவோம். புதங்கெழம காலையில, எந்நேரம்னு சொல்ல மாட்டேன், எதையாச்சும் ஒண்ண நிப்பாட்டச் சொல்லுவேன். எது நின்னுச்சு, எதனால நின்னுச்சுன்னு பத்து நிமிசத்துக்குள்ள வீட்ல இருந்தபடியே நீ சொல்லணும். சொல்லிட்டா, பிள்ள பெத்து ஒரு வருசம் வரைக்கும் நீ ராஜபாளையம் பக்கமே வர வேண்டாம்."

"சொல்ல முடியலன்னா?"

"வேற ஆளு பாக்கணும்லம்மா."

"சரி சார்."

"சரே" என்று அவரும் எழுந்துவிட்டாராம்.

அந்தக் கண்காணிப்பு நிரலை அவள் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியிருந்தாள். அதை அவளிடமிருந்து எடுத்து வேறொருவர் கையில் கொடுத்துவிட்டால், எங்கள் ஊரில் அவளுக்கு அத்தகைய வேலை வேறு இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவும் அவளுக்கு விருப்பமில்லை. "பத்து நிமிசம் எதுக்குங்க? எனக்கு ரெண்டு நிமிசம் போதும்" என்று செவ்வாய்க்கிழமை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். இரண்டு நிமிடம் போதுமாகத்தான் இருந்திருக்கும்.

புதன்கிழமை, கோடை விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியையும் இரண்டு கைப்பேசிகளையும் வைத்துக்கொண்டு அவள் எட்டு மணியிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதே முக்கால் ஆகப்போகும் நேரத்தில், "நான் குளிச்சிட்டு வந்துருதேன். அஞ்சு நிமிசம். எது சத்தம் போட்டாலும் கதவத் தட்டுங்க" என்று எழுந்துபோனாள். எதையும் தொடவேண்டாம் என்றும் சொன்னாளா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால் அதை நான் எழுதவில்லை.

நான் திரையைப் பார்த்தேன். மேலே பச்சை நிறத்தில் ஒரு வரி இருந்தது. கொத்தைப் பற்றிக் கேட்டால் இடைமுகம் முதலில் தரும் மறுமொழி அது. நான் எழுதியது அன்று. எனக்கு முன்பே அவள் அவசரத்தில் எழுதி வைத்தது.

"ஏழு கணுக்கள் இயங்குகிறது. இருபத்து மூன்று கலன்கள் இயங்குகிறது."

அதை இரண்டு முறை படித்தேன். கணுக்கள் என்பது பன்மை. இயங்குகிறது என்பது ஒருமை. கணு என்று மட்டும் எழுதியிருந்தாலாவது பொறுத்திருப்பேன். அஃறிணைப் பெயர் "கள்" இல்லாமல் நின்றால் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக இருக்கும். எதுவென்று வினைமுற்றுக் காட்டிவிடும். அதற்கு நம் இலக்கணத்திலேயே இடமுண்டு. ஆனால் "கள்" சேர்த்து எழுதிவிட்டு ஒருமை வினையில் முடிப்பதற்கு எங்கும் இடமில்லை. இந்த வரி மேலாளரின் கைப்பேசியிலும் இருக்கும். இன்றைக்குப் பரீட்சை. அவர் அதைப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு தமிழாசிரியன் வீட்டிலிருந்து, அதுவும் அவன் மனைவியின் வாழ்க்கைக்கே தேர்வு நடக்கும் நாளில், இரண்டு ஒருமை பன்மை மயக்கங்கள் பதினைந்து நொடிக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவளுக்கு நல்லது செய்வதாக எண்ணித்தான் கோப்பைத் திறந்தேன். அந்தக் கோப்பைத் திறக்கும் உரிமையும் எனக்கு இருந்தது. இரண்டு இடத்திலும் "இயங்குகின்றன" என்று திருத்திச் சேமித்தேன். நேரம் ஒன்பது மணி நாற்பத்து நான்கு நிமிடம், பன்னிரண்டாம் நொடி.

திரையில் ஏழு கணுக்கள் இயங்கின; இருபத்து மூன்று கலன்கள் இயங்கின; தமிழும் இயங்கியது. அந்த நிறைவு முப்பது நொடி நீடித்தது.

பிறகு இரண்டு கைப்பேசிகளும் ஒருசேர அலறின. மடிக்கணினி கூவியது. பச்சை வரி மறைந்து, அதன் இடத்தில் சிவப்பு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. முதற்கணு நின்றுவிட்டது. இரண்டாம் கணு நின்றுவிட்டது. மூன்றாம் கணு நின்றுவிட்டது. ஏழும் நின்றுவிட்டன, ஒற்றுப்பிழைகூட இல்லாத என் தமிழில். நான் கதவைத் தட்டவேண்டியிருக்கவில்லை. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவளே ஓடிவந்தாள்.

"ஏழுமா?" என்றாள்.

"ஏழும்."

அவள் உட்காருவதற்குள் மின்பணியாளர் அழைத்துவிட்டார். மேலாளரின் கட்டளைப்படி ஏதோ ஒன்றை நிறுத்தியவர் அவர்தான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. ஏழும் விழுந்த அறிவிப்பு அவருக்கும் போயிருந்தது.

"தாயி, நான் ஒண்ணே ஒண்ணத்தான் அமுத்துனேன். ஒரே ஒரு வெரலு. ஏழும் போச்சு தாயி."

"அண்ணாச்சி, சொல்லாதீக" என்றாள் இவள். "எங்க இருக்கீக, எத அமுத்துனீகன்னு ஒரு வார்த்த சொல்லிராதீக. பரிச்ச நடக்கு."

"ஏழும் போச்சுங்கேன், இன்னும் என்ன பரிச்ச?"

"போன வைங்கண்ணாச்சி."

"மூணு மில்லயும் ஒத்த வெரல்ல நிப்பாட்டிட்டேனே தாயி" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துண்டித்துவிட்டாள். அடுத்த கைப்பேசியில் மேலாளர். அதை நான் எடுத்தேன்.

"அம்மா எங்க?"

"பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஐயா."

"பாக்கட்டும், பாக்கட்டும். இங்க மில்லு ஓடுற சத்தம் நல்லாக் கேக்குது. போனு மட்டும் ஏழும் நின்னுருச்சுங்குது. நான் காத நம்பவா, கண்ண நம்பவா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என் மனைவியோ விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். "மில்லு ஓடுது. கரண்டு இருக்கு. லைனு இருக்கு. நான் குளிக்கப் போறப்ப ஏழும் இருந்துச்சு. யாரும் எதையும் மாத்தலையே."

சுவர்க்கடிகாரத்தின் முள், அலறல் தொடங்கியதிலிருந்து ஐந்தாம் நிமிடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் கழுத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதும் இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தோன்றவில்லை. இருந்தாலும், கேட்ட கேள்விக்கு உண்மையான விடை சொல்லவேண்டும் அல்லவா?

"ஒரு வினைமுற்றை மட்டும் திருத்தினேன்" என்றேன்.

அவள் விரல்கள் நின்றன. திரும்பிப் பார்த்தாள்.

"என்னது?"

"இரண்டு வினைமுற்று. ஒருமை பன்மை மயக்கம் இருந்தது."

"எந்த வினைமுற்று?"

"இயங்குகிறது."

"அத என்ன செஞ்சீக?"

"இயங்குகின்றன."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று பதிவு சொல்லவில்லை. பிறகு அவள் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"என் நிரலு அந்தச் சொல்லத்தாங்க தேடுது" என்றாள், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. "மேல இருக்க வரியில இயங்குகிறதுன்னு இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். அந்தச் சொல்லு இல்லைன்னா கொத்தே விழுந்துருச்சுன்னு அர்த்தம். நாந்தான் அவசரத்துல அப்படி எழுதுனேன். எண்ணப் பாக்கச் சொல்லியிருக்கணும், சொல்லப் பாக்கச் சொல்லிட்டேன்."

"அப்படியென்றால் ஒரு கணுவும் நிற்கவில்லையா?"

"நிக்கல. உங்க இலக்கணத்துல ஏழும் செத்துப்போச்சு."

அப்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவேண்டிய நேரம் அது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய ஓராண்டு அந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் அடக்க முடியவில்லை. கைப்பேசிகள் மேசைமேல் அதிர்ந்து ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன, மடிக்கணினி கூவிக்கொண்டிருந்தது, நாற்காலியில் அவளும் தரையில் நானுமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தோம். அவள் நிறுத்தினால் நான் தொடங்கினேன். நான் நிறுத்தியதும், "ரெண்டு வினைமுற்று" என்று அவள் மெல்லச் சொன்னாள், மறுபடி தொடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் எழுந்தாள்.

"கோப்பத் தொறங்க. பழையபடி மாத்துங்க. நான் கணு ஒவ்வொண்ணையும் தனித்தனியாக் கேக்கணும்."

"நானா?"

"நீங்கதான். உங்க கையால, தப்பா."

தப்பாக எழுதினேன். கணுக்கள் இயங்குகிறது. கலன்கள் இயங்குகிறது. கோப்பைத் திறந்ததற்கும் சேமித்ததற்கும் இடையே ஐம்பது நொடி ஆகியிருக்கிறது. திருத்தியபோது ஆனது பத்து நொடிதான் என்பதைப் பதிவிலிருந்து எடுத்துப் பிற்பாடு எனக்குக் காட்டினாள்.

சிவப்பு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. கூவல் அடங்கியது. மேலே பச்சை வரி வந்து நின்றது.

"ஆறு கணுக்கள் இயங்குகிறது. இருபத்து மூன்று கலன்கள் இயங்குகிறது."

"ஆறு" என்றேன்.

"ஆறு" என்றாள் அவளும். அவள் குரலில் சிரிப்பு போய்விட்டது. "ஒண்ணு நெசமாவே நின்னிருக்கு. அண்ணாச்சி அமுத்துனது. இம்புட்டு நேரம் அந்த ஏழு பொய்க்குள்ள ஒளிஞ்சு கெடந்துருக்கு."

இதன்பின் நடந்ததை நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இடைமுகத்திடம் அவள் வாக்கியம் கேட்கவில்லை; எண்களைக் கேட்டாள். ஒவ்வொரு கலனும் எந்தக் கணுவில் இருக்கிறது, அதற்கு வயது என்ன? பட்டியல் வந்தது. பத்தொன்பது கலன்களுக்கு வயது நாற்பது நாளுக்கு மேல். நான்கு கலன்களுக்கு மட்டும் கால்மணி நேரங்கூட ஆகவில்லை. அந்த நான்கும் ஒரே வீட்டிலிருந்து வெளியேறி மூன்று வீடுகளில் புதிதாகக் குடியேறியிருந்தன. அவை விட்டுவந்த வீடு ஐந்தாம் கணு, சோழபுரம். அதே அலமாரியில், அதே மின்கம்பியில் இருக்கும் நான்காம் கணு நலமாக மறுமொழி சொன்னது. ஆகவே மின்சாரம் போகவில்லை.

"அப்ப எதனால நின்னுச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஐந்தாம் கணு அனுப்பிய கடைசி வரியை வரவழைத்தாள். வந்தது. "பொத்தான் அழுத்தப்பட்டது; முறைப்படி விடைபெறுகிறேன்."

அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். மேலாளரை அழைத்தாள்.

"சார், சோழபுரத்துல அஞ்சாவது கணு. முன்னாடி இருக்க பொத்தான ஆரோ அமுத்தி நிப்பாட்டியிருக்காக. கரண்டு போகல, கம்பியும் அறல. அதுல இருந்த நாலு கலனும் பத்திரமா வேற எடத்துக்குப் போயிருச்சு. ஒரு நூலறுந்ததுகூட விட்டுப்போகல."

"ஏம்மா, அப்ப அந்த ஏழு?"

"ஏழு நிக்கல சார்."

"பின்ன?"

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "எழுத்துப் பிழை சார்."

"எழுத்துப் பிழைக்கா ஏழும் விழுந்துச்சு?"

"இல்ல சார். பிழையச் சரி பண்ணுனதுல விழுந்துச்சு."

மேலாளருக்கு இது விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பு, கைப்பேசியைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தும் எனக்குக் கேட்டது. நடுவில் தெலுங்கில் ஏதோ சொன்னார்; அவருக்கு அருகில் இருந்த யாரோ ஒருவரும் சிரித்தார்.

"தமிழ் வாத்தியார் வீட்லதான் இருக்காரா?"

"இருக்காக சார்."

"சரே, சரே. பத்து நிமிசத்துக்குள்ள சொல்லிட்டம்மா. திங்கக்கெழமையில இருந்து நீ வீட்லயே இரு. ஒண்ணே ஒண்ணு. அவர அந்தக் கோப்புப் பக்கம் விட்றாத."

அவள் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கிறாள் என்றே நினைத்தேன். அருகே போய்ப் பார்த்த பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது. என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்து, "உள்ள இருக்கதும் குலுங்குதுங்க" என்றாள். அது உண்மை. அதற்குப் பதிவில்லை, ஆனால் நாங்கள் இருவரும் ஒத்துக்கொள்கிறோம். மின்பணியாளருக்கு இதில் கருத்து இல்லை.

அவரை மறந்துபோனோம் என்பது பத்து மணிக்கு மேல்தான் நினைவுக்கு வந்தது. அழைத்துச் சொன்னோம். மூன்று ஆலைகளையும் தாமே நிறுத்திவிட்டதாக எண்ணிச் சோழபுரம் அலமாரியின் முன்னால் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தாராம்.

"அப்ப நான் நிப்பாட்டல?"

"இல்லண்ணாச்சி. நீங்க ஒண்ணத்தான் நிப்பாட்டுனீக."

"மத்தது?"

"அது உங்க தமிழய்யா."

"வெரலு படாமயே ஏழையும் நிப்பாட்டிட்டாகளா" என்று அவர் வியந்ததில் உண்மையான மதிப்பு இருந்தது. இன்றுவரை அந்த மதிப்புக் குறையவில்லை.

அந்தத் திங்கட்கிழமை முதல் அவள் அதே சாப்பாட்டு மேசையிலிருந்து மூன்று ஆலைகளையும் பார்த்துக்கொள்கிறாள். நிரலை முதல் வேலையாக மாற்றிவிட்டாள். இப்போது அது சொல்லைத் தேடாமல் எண்ணைப் பார்க்கிறது. கோப்பில் என் பெயருக்கு எதிரே "வாசிக்கலாம், எழுத இயலாது" என்று வருகிறது. அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவனும் நானே. மேலே வரும் பச்சை வரிக்காக மூன்று நாள் பேசினோம். ஊரில் மாடுகள் வருகின்றன என்று எவராவது சொல்கிறார்களா, மாடு வருது, அம்புட்டுத்தான் என்றாள் அவள். அப்படியானால் "கள்" விகுதியை எடுத்துவிடு என்றேன் நான். கடைசியில் வினைமுற்றையே எடுத்துவிட்டோம். "இயக்கத்தில் ஏழு கணு; இருபத்து மூன்று கலன்." ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை, சண்டையும் இல்லை. பஸ்ஸு போர்டு மாதிரி பளிச்சென்று இருக்கிறது என்றார் மின்பணியாளர். எங்களுக்கு மகள் பிறந்தாள். அவள் தொட்டிலில் உறங்கும்போது பதினைந்து நொடிக்கு ஒருமுறை மூன்று ஊர்களிலிருந்தும் நலம் என்று செய்தி வந்துகொண்டிருக்கிறது.

தெரியாதது ஒன்று உண்டு. மின்பணியாளர் பொத்தானை அழுத்தியதிலிருந்து என் மனைவி மேலாளரிடம் விடை சொன்னது வரை, பதிவின்படி பன்னிரண்டு நிமிடம் நாற்பது நொடி. அவர் கேட்டது பத்து நிமிடம். பத்துக்குள் சொல்லிவிட்டாய் என்று அவர் சொன்னதை நாங்கள் இருவருமே காதால் கேட்டோம். அவர் எந்த நொடியிலிருந்து எண்ணத் தொடங்கினார், அவருடைய கடிகாரம் பிந்தி ஓடியதா, அறிந்தே அப்படிச் சொன்னாரா என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.